படம் எடுக்கிறார்கள், பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை

திருகோணமலை என்று இணையத்தில் தேடினால் என்ன படங்கள் வரும் என்பதைத் தேடாமலே சொல்லிவிடலாம். சுவாமி மலையில் கோணேசர் கோயில், கீழே நீலக்கடல். நிலாவெளி மணல். புறாத்தீவின் பவளப்பாறை. உதயசூரியனை முதுகில் வைத்துக்கொண்டு வீச்சுவலை எறியும் ஒருவர். இவற்றில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப் போனவர்கள் எடுத்தவை. இது இன்று நேற்றுத் தொடங்கியதுமல்ல. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் எச்சங்களைக் கண்டார்கள், படமும் எடுத்தார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே கடலில் நாளாந்தம் இறங்கி ஏறியவர்களின் கையில் அன்று கமரா இருக்கவில்லை.

இன்று இருக்கின்றது. வெருகலிலிருந்து புல்மோட்டை வரை கைப்பேசி இல்லாத இளைஞரைக் காண்பது அரிது. சிலரிடம் பழைய கமராவும் உண்டு. நான் பிரதேசச் செய்தி எழுதுகின்றவன், கமராக்காரன் அல்ல. என்றாலும் இலங்கைத்துறை, ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் படங்களை அனுப்பி “அண்ணா, பாத்துச் சொல்லுங்கோ” என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு வசனத்தில்தான் இந்தக் கட்டுரையின் விடயமே இருக்கின்றது. படம் எடுக்க இங்கு ஆள் உண்டு. எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை.

இந்த மாவட்டத்தில் படம் எடுப்பதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் பேசிவிட முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் வைத்தியசாலைப் பிணவறையில் எடுத்த படங்கள், உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைக் காட்டின. கைக்குண்டுக் கதை அத்துடன் முடிந்தது. 22 நாட்களின் பின், ஜனவரி 24ஆம் திகதி காலை, நகரிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்றுவரை அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப் படையினரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் படங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

அவை அழகான படங்கள் அல்ல. கோணம், ஒளி பற்றி யோசிக்க அவகாசமோ இடமோ இல்லாத அறையில் எடுத்தவை. எது தெரிய வேண்டும் என்பது மட்டும் எடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. இளையவர்களுக்குப் படக்கலை சொல்லிக்கொடுப்பது பற்றி இந்த ஊரில் யார் கதைத்தாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முன்பு பயிற்சிக்கூடமாக இருந்தது ஸ்ரூடியோ. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட பெடியன் ஒருவன் முதலாளியுடன் கலியாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் போவான். முதலில் லைற் பிடிப்பான், பிறகு பிளாஷ், பிறகு இரண்டாவது கமரா. பாடத்திட்டம் எதுவும் கிடையாது. ஆனால் பிலிம் சுருளில் 36 படம்தான். வீணடித்தால் அங்கேயே ஏச்சு விழும். கழுவிவந்த படங்களை மேசையில் பரப்பி, இது அல்பத்துக்கு, இது வேண்டாம் என்று முதலாளி பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பான். அந்தப் பிரிப்பில்தான் அவன் தொழில் படித்தான். டிஜிட்டல் வந்ததும் 36 என்ற கணக்குப் போனது, மேசையும் போனது. இன்று ஒரு கலியாணத்துக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் அந்த இடம்தான் இல்லாமல் போய்விட்டது.

அதற்குப் பதிலாக வந்தவை இரண்டு. ஒன்று முகநூல் விருப்பு. மற்றது போட்டி. 1950இல் தொடங்கப்பட்ட ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு, கண்காட்சிகளுக்குத் தெரிவான படங்களின் எண்ணிக்கையை வைத்துப் பட்டம் வழங்குகின்றது. இலங்கையில் அந்தப் பட்டத்துக்கு நல்ல மதிப்பு உண்டு. ஒழுக்கமாக வேலை செய்யவும் தொழில்நுட்பத்தைத் திருத்தவும் போட்டிகள் உதவும், மறுக்கவில்லை. ஆனால் நடுவரின் ரசனை தெரிந்தபின் பிள்ளைகள் அதற்கே எடுக்கத் தொடங்குகிறார்கள். விளைவு, வீச்சுவலையும் சூரியனும்தான்.

கரைவலையை உதாரணமாக எடுக்கிறேன், ஏனென்றால் எனக்கு வரும் படங்களில் அதுதான் அதிகம். தோணியில் வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, இரண்டு கரையிலும் ஆட்கள் நின்று கயிறு இழுப்பார்கள். முன்பு அம்பாப் பாடல் பாடி இழுத்தார்கள். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுக்கின்றது. அது சட்டப்படி சரியா, கடலடியை அழிக்கின்றதா, கயிறு பிடித்தவர்களின் கூலி என்னானது என்றெல்லாம் இந்தக் கரையோரத்தில் நீண்டகாலமாகப் பிரச்சினை இருக்கின்றது. எனக்கு வரும் படங்களிலோ உழவு இயந்திரம் இருக்காது. ஒன்றில் அது தெரியாத கோணத்தில் எடுத்திருப்பார்கள், அல்லது ஓரத்தை வெட்டியிருப்பார்கள். “படம் வடிவில்லாமல் போயிடும்” என்பது காரணம். ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளையும் சுற்றுலாப் பயணியின் கண்ணால் தன் கரையைப் பார்க்கின்றது.

இந்த இடத்தில்தான் ஒரு மூத்தவர் தேவை. அவர் பெரிய கலைஞராக இருக்க வேண்டியதில்லை. எடுத்த நானூறு படங்களையும் பக்கத்தில் இருந்து பொறுமையாகப் பார்க்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். இந்த மனிதர் யார்? சம்மாட்டியா, கூலிக்கு இழுப்பவரா? மடி கரைக்கு வந்தபின் மீனைத் தெரிக்கும் பெண்கள் ஏன் ஒரு படத்திலும் இல்லை? உழவு இயந்திரம் எங்கே? அடுத்த முறை அந்தப் பிள்ளை கரைக்குப் போகும்போது கேள்விகளும் கூடப் போகும். இப்படி நானூறில் பன்னிரண்டைத் தேர்ந்து, எது முதலில் எது பின்னால் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் இடம், திகதி, ஆள், செய்கை நான்கையும் தமிழில் எழுதவைத்தால், அதுவே ஒரு மாத வகுப்புக்குச் சமம்.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியவர்கள் நம்மைப் போன்ற நாடுகளிலேயே இருக்கிறார்கள். பங்களாதேஷில் சஹிதுல் ஆலம் 1989இல் திரிக் என்ற படமுகவர் நிறுவனத்தைத் தொடங்கினார். வங்காளத்தைப் பற்றிய படங்களை மேற்கிலிருந்து வந்தவர்களே எடுப்பதும், வெள்ளமும் பட்டினியும் மட்டுமே வெளியே போவதும் அவருடைய கோபம். 1994இல் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார். 1998இல் பாட்ஷாலா தொடங்கியது. பெயரைத் தமிழில் சொன்னால் பாடசாலைதான். 2000இலிருந்து சோபி மேளா என்ற படவிழாவும் டாக்காவில் நடக்கின்றது. பயிற்சி, விற்பனை, கண்காட்சி மூன்றும் ஒரே வட்டத்துக்குள் இருந்ததால், படித்து முடித்த பிள்ளைக்கு அடுத்து எங்கே போவது என்ற கேள்வி எழவில்லை. நம்மிடம் நடக்கும் இரண்டு நாள் பயிலரங்குகள் சான்றிதழோடு நின்றுவிடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

டாக்கா தூரம் என்றால் மதுரைப் பக்கம் பார்க்கலாம். எம். பழனிகுமார் மீன் விற்கும் தாயின் மகன். கடன்பட்டுக் கமரா வாங்கியவர். மலக்குழித் தொழிலாளர் பற்றி 2017இல் திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். இப்போது பாரி என்று சுருக்கமாக அறியப்படும் கிராமப்புற இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தின் படக்கலைஞர். தான் வளர்ந்த கையோடு துப்புரவுத் தொழிலாளர், மீனவர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். தயானிதா சிங்கும் பாரியும் சேர்ந்து உருவாக்கிய ஆவணப்பட விருது 2022இல் முதன்முதலாக அவருக்குத்தான் போனது. அவரிடம் படிக்கும் பிள்ளைகள் எடுப்பது தங்கள் தாயின் கையை, தங்கள் தெருவை. வெளியாள் ஒருவர் அதே தெருவுக்குள் நுழைந்தால் அந்தத் தாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடும்.

பணப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை போனபின், கமரா வாங்குவது சாதாரண வீட்டுக்கு எட்டாத கனவு. ஆளுக்கொரு கமரா என்று நன்கொடையாளரைத் தேடுவதைவிட, நான்கு பேருக்கு ஒரு கமரா, முறை வைத்து, ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்து வாங்குவது நடக்கக்கூடியது. வாசிகசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் கிரிக்கெட் மட்டையை இப்படித்தானே பகிர்ந்தன.

பெயரைப் பற்றித்தான் நான் அதிகம் சண்டை பிடிப்பது. பிரதேசங்களிலிருந்து வரும் படங்களின் கீழ் “படம்: இணையம்” என்று போடும் வழக்கம் இன்னும் இருக்கின்றது. முகநூலில் இருந்து எடுத்தால் எடுத்தவருக்கு உரிமை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிழற்படத்தையும் பாதுகாக்கப்பட்ட படைப்பாகவே கொள்கின்றது. எடுத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடங்களும் அந்தப் பாதுகாப்பு நிற்கும். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எடுத்த படத்தின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குப் போகும். ஆனால் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை எடுத்தவருடையது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். பெயர் போட்டால் காசு தர மனமில்லை, காசு தந்தால் பெயர் போட இடமில்லை என்பது பழைய தந்திரம்.

பாதுகாப்பும் கற்பிக்க வேண்டிய பாடம்தான். கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையே பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவத்தின் இருப்பைக் கடந்துதான் போகின்றது. துறைமுகத்தின் பெரும்பகுதியைக் கடற்படை வைத்திருக்கின்றது. எங்கே கமராவை எடுக்கக்கூடாது, யாரிடம் அனுமதி கேட்பது, மறித்தால் என்ன பதில் சொல்வது, கார்ட்டைக் கேட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அனுபவப்பட்ட செய்தியாளருக்குத் தெரியும். புதியவருக்குத் தெரியாது. காணிப் பிரச்சினை, போராட்டம் என்று போகும் இடங்களுக்குத் தனியாகப் போகவிடக்கூடாது. அன்றே படங்களின் பிரதி இன்னொருவரிடம் போய்ச் சேர வேண்டும். சஹிதுல் ஆலம் 2018 ஓகஸ்டில் கைதாகி நூறு நாட்களுக்கு மேல் சிறையில் இருந்தபோது உலகம் முழுவதும் படக்கலைஞர்கள் குரல் கொடுத்தார்கள். ஈச்சிலம்பற்றுப் பெடியனுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அவனைத் தெரிந்தவர் என்று சொல்ல மாவட்டத்துக்குள் பத்துப் பேராவது இருக்க வேண்டும், மூன்று மொழியிலும், மூன்று சமூகத்திலும்.

இனி, செலவில்லாமல் இப்போதே தொடங்கக்கூடிய ஒரு வேலை. எங்கள் பக்கத்தில் 2004 டிசம்பரில் கடல் வந்தது. 2006இல் போர் வந்தது. சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. அல்பங்களை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. எனவே பல வீடுகளில் 2007க்கு முந்திய படம் ஒன்றோ இரண்டோதான், அதுவும் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்த உறவினர் திருப்பிக் கொடுத்தது. படம் பழகும் பிள்ளைகள் இந்த மிச்சப் படங்களை வீடு வீடாகப் போய்ப் பிரதி எடுக்கலாம். கைப்பேசி போதும். சன்னல் வெளிச்சத்தில், கண்ணாடிப் பிரதிபலிப்பு விழாமல், நேராக வைத்து எடுப்பதற்குள் ஒளியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். ஆச்சி ஒருவர் படத்தில் இருப்பவர்களை விரலால் காட்டிச் சொல்லும்போது அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். படக்குறிப்பு எழுதப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தேடவேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அதில் முதலாவது, பாதை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, ஏ15 வீதியில் ஆறும் களப்பும் குறுக்கிட்ட இடங்களில் சைக்கிளும் மாடும் பஸ்ஸும் பாதையில் ஏறித்தான் அக்கரை போயின. அதில் ஏறியவர்கள் இன்னும் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். பாதையில் நின்றபடி யாராவது எடுத்த படம், பின்னணியில் தற்செயலாகப் பாதை விழுந்த கலியாணப் படம், எதுவாக இருந்தாலும் சரி, அல்பத்தில் இருந்தால் வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு நிமிடம் கொடுங்கள். சன்னலடியில் வைத்து எடுத்துவிட்டு, முன்னால் வைத்தே திருப்பித் தந்துவிடுவார்கள்.