அச்சில் தங்கும் வடிவம்

வார்ப்பாலைப் பணியை அறிந்த எண்ணூர், திருவொற்றியூர்ப் பெரியோர்க்கு மணல் அச்சின் இயல்பு தெரியும். மாதிரிக் கட்டையை ஈரமணலில் புதைத்து இறுக்குவர். கட்டையை எடுத்தபின் அதன் வடிவம் வெற்றிடமாய் நிற்கும். மருந்தின் மூலக்கூற்றுக்கும் இவ்வாறே அச்சு எடுக்கலாம். மணலுக்கு ஈடாக அமைவது பாலிமர் எனும் பலபடி.

1972இல் ஜெர்மனியில் குந்தர் வுல்ஃப் தொடங்கிவைத்த இத்துறையை, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் மோஸ்பாக் எளிமைப்படுத்தினார். மருந்தைக் கரைசலில் இட்டு மெத்தக்ரிலிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்தால், அவை மருந்தைச் சூழ்ந்து பற்றிக்கொள்ளும். பின்னர் அவற்றைக் குறுக்கே பிணைத்துக் கெட்டிப்படுத்தி, மருந்தைக் கழுவி நீக்குவர். எஞ்சும் குழிகள் அம்மருந்தையே மீண்டும் நாடும்.

1993இல் மோஸ்பாக் குழுவினர் எடுத்துக்கொண்ட மருந்துகளுள் ஒன்று தியோஃபிலின். இளைப்பு நோய்க்குரிய இம்மருந்தில், பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது; எனவே குருதியில் அதன் அளவை அறிதல் வேண்டும். தேநீர் அருந்தியவர் குருதியிலோ கஃபீனும் கலந்திருக்கும். இரண்டிற்கும் வேறுபாடு ஒரே ஒரு மெத்தில் தொகுதி! 'அரம்', 'அறம்' எனும் சொற்களை ஓரெழுத்தே பிரிப்பதை வகுப்பில் உரைக்கிறோமே, அத்தகையது இது. அவர்கள் ஆக்கிய பலபடி தியோஃபிலினைப் பற்றிக் கஃபீனைப் பெரும்பாலும் விலக்கியது.

இது நோயாளியோடு முடியும் செய்தியன்று. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, ஐதராபாத்தை அடுத்த பட்டன்செருவில், மருந்தாலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததைக் காட்டியது. நோய்க்கிருமிகள் மருந்துக்கு அஞ்சாமற் போவதற்கு வேறென்ன பயிற்சிக்கூடம் வேண்டும்?

நம் கொடுங்கையூரில் 2019இல் திறக்கப்பட்ட நிலையம், கழிவுநீரைச் சவ்வுகள் வழியே அழுத்தித் தூய்மையாக்கி மணலி ஆலைகளுக்கு அனுப்புவது. சவ்வு, உப்பு, மருந்து என்று ஆள் பார்ப்பதில்லை. தடுக்கப்பட்டவை செறிந்த கழிவாய்த் தேங்கும். அச்சுப் பலபடியோ வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுக்கும்.

ஆயினும் ஒரு தடை உண்டு. குழிக்கும் மருந்துக்கும் இடையிலான பிடிப்பு பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஆவது. தண்ணீரோ அப்பிணைப்பில் தானும் பங்கு கேட்கும். கரிமக் கரைப்பானில் கூர்மையாய்த் தேரும் பொருள் நீரில் தடுமாறுவது இதனாலேயே. ஆதலின் இன்று இது நீரிலுள்ள மருந்தைப் பிரித்தெடுத்து அளக்கும் ஆய்வகக் குழல்களிலேயே மிகுதியும் பயன்படுகிறது. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்து நீரை ஒரு குப்பியில் எடுத்துச் சோதிக்க இது உதவும். அவ்வாற்றையே கழுவித்தர இன்னும் இயலாது.