சைக்கிள் பாதை ஆபத்தா, பாதுகாப்பா?

கனடாவின் டொரண்டோ நகரில் புளூர் தெருவில் 2016-ஆம் ஆண்டு 2.4 கிலோமீட்டர் நீளத்துக்குச் சோதனை முறையில் சைக்கிள் பாதை போடப்பட்டது. மறு ஆண்டே நகர மன்றம் அதை நிரந்தரமாக்கியது. பின்னர் பாதை மேற்கே நீண்டபோது எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. வாடிக்கையாளர் குறைவார்கள் என்று சில கடைக்காரர்களும், நெரிசல் கூடுகிறது என்று கார் ஓட்டுபவர்களும், ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று அக்கம்பக்கத்தாரும் கேட்டார்கள். புளூர், யங், யுனிவர்சிட்டி ஆகிய மூன்று சாலைகளிலும் உள்ள சைக்கிள் பாதைகளின் பகுதிகளை அகற்ற 2024 நவம்பரில் ஒன்டாரியோ மாகாண அரசு சட்டமே இயற்றியது. இந்தச் சர்ச்சையில் பயண நேரமும் வாகன நிறுத்துமிடமும் பேசப்பட்ட அளவுக்கு மனித உடல் பேசப்படவில்லை. சைக்கிள் பாதை முதலில் ஒரு சுகாதார ஏற்பாடு. காயங்களையும் ஆயுளையும் வைத்தே அதை எடைபோட வேண்டும்.

அடிபட்ட இடம் எது?

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கே டெஷ்கே தலைமையிலான குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதே டொரண்டோவிலும் வான்கூவரிலும் நடந்தது. சைக்கிளில் போய் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்த 690 பேரிடம் அன்றைய பயணத்தின் முழு வழியும் கேட்கப்பட்டது. அடிபட்ட இடத்தை, அதே பயணத்தில் அவர் பத்திரமாகக் கடந்த வேறோர் இடத்துடன் ஒப்பிட்டார்கள். ஆளும் ஒருவரே, சைக்கிளும் ஒன்றே, நாளும் ஒன்றே என்பதால் 'அவர் கவனமில்லாமல் ஓட்டியிருப்பார்' என்ற வழக்கமான பதிலுக்கு இங்கே இடம் குறைவு. ஓரத்தில் கார்கள் நிற்கும், சைக்கிளுக்கென்று எதுவுமில்லாத பெருஞ்சாலையோடு ஒப்பிட்டால், தடுப்பு வைத்துப் பிரித்த பாதையில் காயமடையும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். அந்நாளில் அத்தகைய பாதைகள் குறைவு என்பதால் அந்த எண்ணைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது காட்டும் திசையில் எனக்கு ஐயமில்லை. தரையில் வெறும் கோடு மட்டும் போட்ட பாதைகள் இந்த அளவுக்குப் பயன் தரவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

காரணம் எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் மோதல் ஆற்றல் 30-இல் வருவதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதைத் தாங்க மண்டையோட்டுக்கும் விலா எலும்புக்கும் வலுவில்லை. தலைக்கவசம் ஓரளவுக்கே காக்கும். மோதலே நடக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தடுப்புதான் செய்கிறது. 2024 ஜூலையில் புளூர் தெருவின் சைக்கிள் பாதையை மறித்துக் கட்டுமானக் கழிவுத் தொட்டி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதைத் தாண்ட வண்டிகள் ஓடும் தடத்துக்கு இறங்கிய 24 வயதுப் பெண் லாரி மோதி இறந்தார். பாதை அடைபட்ட சில அடி தூரம் ஓர் உயிரைக் கொண்டுபோனது.

எதிர்ப்பில் உள்ள நியாயம்

எதிர்ப்பவர்கள் சொல்வதெல்லாம் வீண் அச்சமில்லை. வலப்புறம் திரும்பும் காரோட்டியின் கண்ணுக்கு, நிறுத்திய கார்களுக்கு அப்பால் நேராக வரும் சைக்கிள் தெரியாமல் போகலாம். பேருந்திலிருந்து இறங்கும் முதியவர் வேகமாக வரும் சைக்கிளின் குறுக்கே அகப்படலாம். இவை வடிவமைப்பின் குறைகள், இவற்றுக்குத் தீர்வும் உண்டு: சந்திப்பின் அருகே கார் நிறுத்தத் தடை, திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கும் மேடு, சைக்கிளுக்குத் தனி சிக்னல், பேருந்து நிறுத்தத்தில் பாதசாரி கடக்கும் மேடை. இவற்றைக் கேட்டுப் போராடுவது நியாயம். பாதையை எடுத்துவிட்டால் சைக்கிள்காரர் மறைந்துவிடமாட்டார், லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுவார். பாதை வந்தபின் விபத்து கூடியது என்பவர்கள், ஓட்டுபவர் எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி பற்றிய கவலைக்கு டொரண்டோ தீயணைப்புத் துறைத் தலைவரே பதில் தந்தார்: புளூரில் பாதையால் தாமதம் ஏற்படவில்லை.

இதயத்தின் கணக்கு

விபத்து பயத்தில் சைக்கிளையே விட்டுவிடுபவர் வேறொரு ஆபத்தை வீட்டுக்கு அழைத்து வருகிறார். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தாலே அது நிறைவேறும். பிரிட்டனில் 2 லட்சத்து 63 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குச் சைக்கிளில் சென்றவர்களிடையே மரண வாய்ப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிள் ஓட்டுபவர் இயல்பாகவே ஆரோக்கியமானவராக இருக்கலாம் என்ற ஐயம் நியாயமானதே. அதையும் கணக்கில் எடுத்த பிறகே அந்த எண் வந்தது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010-இல் போட்ட கணக்கு இன்னும் தெளிவு. காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறுபவருக்கு உடலுழைப்பால் கூடும் ஆயுள் சராசரியாக 3 முதல் 14 மாதம். விபத்தால் குறைவது 5 முதல் 9 நாள். புகையைச் சுவாசிப்பதால் குறைவது அதிகபட்சம் 40 நாள்.

நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு

2025 ஜூலையில் ஒன்டாரியோ உயர் நீதிமன்றம், மாகாண அரசின் அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில், புளூர், யங், யுனிவர்சிட்டி பாதைகளை அகற்றுவது சைக்கிள் ஓட்டுபவர்களின் உயிரையும் உடல் பாதுகாப்பையும் ஆபத்தில் தள்ளும் என்றும், அதனால் நெரிசல் குறையும் என்பதற்குச் சான்று இல்லை என்றும் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. இதே நகரின் ஸ்கார்பரோவில் அகன்ற பெருஞ்சாலைகளின் ஓரமாகத் தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். உங்கள் சாலையைப் பற்றிக் கூட்டம் கூடும் நாளில் போங்கள். இங்கே யார், எந்த இடத்தில் அடிபட்டார்கள் என்ற பட்டியலை முதலில் மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.