நோட்டீஸும் ஒரு கலையே

எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் என்றேனும் ஒரு நாள் நோட்டீஸ் தயாரிக்க வேண்டிய கடமை வந்து சேருகிறது. கோயில் திருவிழா, வாசகசாலை ஆண்டு விழா, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம், இலவச வைத்திய முகாம் என்று எத்தனையோ பொதுக் காரியங்கள் நம் ஊர்களில் நடைபெறுகின்றன. முன்னாளில் அச்சுக்கூடத்துக் கம்பாஸிட்டர் தம் அநுபவத்தைக் கொண்டு நமது கையெழுத்துப் பிரதியை ஒருவாறு ஒழுங்குபடுத்திக் கொடுத்து வந்தார். கணிப்பொறியும் கைப்பேசியும் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இந்நாளிலோ அந்தப் பொறுப்பு நம் தலையிலேயே விழுந்திருக்கிறது. பல நூறு எழுத்து வகைகளும் எண்ணற்ற வர்ணங்களும் விரல் நுனியில் காத்திருக்கின்றன. எதைக் கொள்வது என்பதைவிட எதைத் தள்ளுவது என்பதே பெரிய பிரச்னையாகிவிட்டது.

வரைகலை வடிவமைப்பு என்று இக்காலத்தில் வழங்கும் இவ்வித்தையின் ஆரம்ப பாடங்களைக் கற்பதற்குக் கலைக் கல்லூரிக்குச் செல்ல வேண்டியதில்லை. அதன் ஆணிவேர் ஒன்றேதான். படிப்பவருடைய கண் முதலில் எங்கே விழ வேண்டும், அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது. அலங்காரமெல்லாம் அதற்குப் பின்னரே.

யாருக்காக?

ஓர் உதாரணம் பார்ப்போம். கிராமத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடைபெறப் போகிறது. சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். உச்சியில் குத்துவிளக்குப் படம். அதன் கீழ் முகாமை நடத்தும் சங்கத்தின் பெயர். பிறகு தலைமை வகிப்பவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்துரை வழங்குபவர் என்று பன்னிரண்டு பெயர்களும் புகைப்படங்களும். நாளும் நேரமும் இடமும் அடிக்கோடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில்! கண்புரையால் பார்வை மங்கிய பாட்டி ஒருத்தி அந்தச் சுவரைக் கடந்து போகிறாள். முகாம் நடப்பதே அவளுக்காக. ஆனால் நோட்டீஸோ அவளுக்காக எழுதப்படவில்லை.

இந்த 'யாருக்காக' என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்டுக்கொண்ட ஒருவர் உலகப் புகழ் பெற்ற படம் ஒன்றை ஆக்கினார். லண்டன் மாநகரின் பாதாள ரெயில் நிர்வாகத்தில் பொறியியல் வரைபடங்கள் வரைந்து வந்த ஹாரி பெக் என்பவரே அவர். சித்திரக் கலையில் பட்டம் பெற்றவரல்லர். அதற்கு முன்பிருந்த படங்கள் ரெயில் பாதைகளைப் பூமியில் உள்ளபடியே வளைத்தும் நெளித்தும் காட்டின; நகரின் மத்தியில் நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. பூமிக்கு அடியில் செல்லும் பிரயாணிக்கு மேலேயுள்ள தெருக்களைப் பற்றி என்ன கவலை? எந்த நிலையத்தில் ஏறுவது, எங்கே வண்டி மாறுவது, எங்கே இறங்குவது என்பவைதாமே அவனுக்கு வேண்டும்? இவ்வாறு எண்ணிய பெக், நெட்டுக்கோடு, படுக்கைக்கோடு, சாய்கோடு என்ற மூன்றைக் கொண்டே பாதைகளை வரைந்து, நெருக்கமான மத்திய பாகத்தை விரித்து, ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வர்ணம் கொடுத்தார். 1931-ல் அவர் வரைந்த படத்தை நிர்வாகத்தினர் முதலில் ஏற்கவில்லை. 1933-ல் அச்சிட்டு வழங்கியதும் ஜனங்கள் ஆவலுடன் ஏற்றுக்கொண்டனர். இன்று உலகின் பல நகரங்களில் ரெயில் படங்கள் அந்த முறையையே பின்பற்றுகின்றன.

முதல், இரண்டு, மூன்று

யாருக்காக என்பது தெரிந்த பின், சொல்ல வேண்டியவற்றை முக்கியத்துவத்தின்படி வரிசைப்படுத்த வேண்டும். முதல் இடம் ஒன்றுக்கே உரியது. எல்லாவற்றையும் பெரிதாக எழுதினால் எதுவும் பெரிதாகத் தோன்றாது. சந்தையில் எல்லோரும் கூவினால் ஒருவர் குரலும் கேளாததைப் போல. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற இருவகை உண்டு. தமிழில் அந்த வசதி இல்லை. ஆகையால் அளவு, தடிப்பு, இடம் ஆகிய மூன்றினாலேயே நாம் ஏற்றத்தாழ்வு காட்ட வேண்டும்.

நமது நோட்டீஸில் 'இலவசக் கண் சிகிச்சை' என்பது எல்லாவற்றினும் பெரிதாக இருக்கட்டும். நாள், நேரம், இடம் மூன்றும் ஒரே குடும்பம். அவற்றைப் பிரிக்காமல் ஒருசேர, இரண்டாம் அளவில் எழுதுவோம். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பது மூன்றாம் அளவு. அப்படியானால் பிரமுகர்கள்? பெயர் சிறுத்தால் மனத்தாங்கல் வரும் என்பது நமக்குத் தெரியாததன்று. அன்னாருக்கு மரியாதையாகத் தனி அழைப்பிதழ் அச்சிட்டு நேரில் கொடுக்கலாம். சுவர் நோயாளிக்கு உரியது.

கோலம் சொல்லும் பாடம்

அதிகாலையில் வாசலில் புள்ளிக்கோலம் போடும் நம் பெண்மணிகள் முதலில் என்ன செய்கிறார்கள்? சம இடைவெளியில் புள்ளிகளை வரிசையாக வைத்துக்கொள்கிறார்கள். கோடு அப்புறந்தான் வருகிறது. நோட்டீஸுக்கும் அத்தகைய மறைவான சட்டம் ஒன்று வேண்டும். காகிதத்தில் பென்சிலால் மெல்லிய கோடுகள் இழுத்து, வரிகளெல்லாம் ஒரே ஓரத்தில் தொடங்குமாறு செய்தால், பாதி அழகு தானே வந்துவிடும். ஒரு வரி நடுவில், ஒரு வரி இடத்தில், ஒரு வரி வலத்தில் என்று சிதறினால் கண் தடுமாறும்.

கோலத்தைச் சுற்றிலும் வாசல் வெறுமையாக இருப்பதனால்தான் கோலம் எடுப்பாகத் தெரிகிறது. காகிதத்துக்குக் காசு கொடுத்தோமே என்று மூலை முடுக்கெல்லாம் பூவும் கொடியும் நிரப்புவது வீண். வெற்றிடம் வீணான இடமன்று. கண் மூச்சு விடும் இடம் அது.

எழுத்தும் வர்ணமும்

ஒரு நோட்டீஸுக்கு ஒரு வகை எழுத்துப் போதும், மிஞ்சினால் இரண்டு. நம் எழுத்தின் இயல்பையும் அறிந்துகொள்ள வேண்டும். கி, கீ முதலியன மேலே வளைகின்றன. சு, பு முதலியன கீழே இறங்குகின்றன. எனவே ஆங்கிலத்துக்கு விடும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. சற்றுத் தாராளமாக விட வேண்டும். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' போன்ற நீண்ட சொற்கள் நம்மிடம் மிகுதி. குறுகிய பத்தியில் இருபக்கமும் ஓரத்தைச் சமமாக்க முயன்றால் சொற்களுக்கு நடுவே பள்ளங்கள் விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக்கி, வலது ஓரத்தை அதன் போக்கில் விடுவதே நலம்.

வர்ணத்தில் சிக்கனமே சிறப்பு. நம் ரெயில் நிலையப் பெயர்ப்பலகைகளைக் கவனியுங்கள். மஞ்சள் மீது கறுப்பு, அவ்வளவே. ஓடும் வண்டியிலிருந்தும் படிக்க முடிகிறது. பச்சை மீது சிவப்பு எழுத்தோ கண்ணை உறுத்தும். அவ்விரு வர்ணங்களையும் வேறுபடுத்திக் காண இயலாதவர்களும் நம்மிடையே உண்டு. 1938-ல் குஜராத்தைச் சேர்ந்த ஹரிபுராவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, காந்தியடிகளின் வேண்டுகோளின்படி நந்தலால் போஸ் எண்பதுக்கு மேற்பட்ட சித்திரங்களைத் தீட்டினார். உழவர், மத்தளம் கொட்டுபவர் முதலிய சாமானிய மக்களே அவற்றின் நாயகர்கள். தடித்த கோடுகள், சில மண் வர்ணங்கள். எழுத்தறியாத கிராமத்தாரும் நடந்து போகும்போதே பார்த்து மகிழ வேண்டுமென்பது நோக்கம். மகா கலைஞரே அத்தனை எளிமையைக் கைக்கொண்டாரென்றால், நாம் ஏன் வானவில்லை முழுவதும் கொட்ட வேண்டும்?

ஒரு சிறு பரீட்சை

நம் மாணவர்களுக்கு நாம் வைக்கும் பரீட்சை சுலபமானது. நோட்டீஸைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி பின்னால் வந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். முதலில் கருமையாகப் புலப்படுவது எதுவோ அதுதான் உங்கள் நோட்டீஸ் உரக்கச் சொல்லும் செய்தி. பிறகு, விஷயம் அறியாத ஒருவரிடம் அதைக் காட்டி, ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுங்கள். என்ன, எப்போது, எங்கே என்று கேளுங்கள். அவரால் விடை கூற முடியாவிட்டால் குற்றம் அவருடையதன்று, நோட்டீஸ் தயாரித்தவருடையதே.

அழகுக்காக மட்டும் இவ்வளவும் சொன்னோமில்லை. ஒரு தேதி கண்ணில் படாமற்போனதால் சிகிச்சையை இழப்பவரும், உதவித்தொகைக்கு மனுப் போடும் கெடுவைத் தவறவிடுபவரும் நம் நாட்டில் இருக்கின்றனர். தெளிவாக எழுதுவது எளியவருக்குச் செய்யும் மரியாதை. ஆகவே அடுத்த நோட்டீஸைத் தயாரிக்கப் போகும் இளைஞரும் யுவதியரும், கணிப்பொறியைத் திறக்குமுன் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் எடுத்து, 'இதைப் படிக்கப் போகிறவர் யார்?' என்று எழுதி வைத்துக்கொண்டு தொடங்குவார்களாக.