மணற்குன்றுகளின் மேல் ஒரு மாவட்டம்

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் வாயிலாக நியூ ஜெர்சியும் கலிபோர்னியாவும் நமக்குப் பழகிப்போன பெயர்கள் ஆகிவிட்டன. அந்நாட்டின் நடுப்பகுதியில் ஆள் நடமாட்டம் மிகக் குறைந்த பெரும் பரப்பு ஒன்றும் உண்டு. மக்கள்தொகைப் பட்டியல்களைப் புரட்டிப் பார்ப்பது என் நெடுநாளைய பழக்கம். அப்படிப் பார்த்தபோது என் கவனத்தை ஈர்த்தது நெப்ராஸ்கா மாநிலத்தின் வட எல்லையில் உள்ள செர்ரி கவுண்டி.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டத்தைப் போன்றது. அமெரிக்காவில் இத்தகைய பிரிவுகள் 3,100-க்கும் மேல் உள்ளன. 1883-இல் அமைக்கப்பட்ட செர்ரி கவுண்டியின் பரப்பு சுமார் 15,500 சதுர கிலோமீட்டர். டில்லியைப் போல் பத்து மடங்கு என்று கொள்ளலாம். அங்கே 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழ்ந்தவர்கள் 5,455 பேர் மட்டுமே. ஆளுக்கு ஏறத்தாழ மூன்று சதுர கிலோமீட்டர்! அவர்களிலும் பாதிப்பேர் வேலன்டைன் என்னும் தலைமை ஊரில் வசிக்கின்றனர். கவுண்டி மிக அகலமானது. அதன் கிழக்குப் பகுதியில் மணி பத்து என்றால் மேற்குப் பகுதியில் ஒன்பதுதான்.

ஏன் இவ்வளவு குறைவான மக்கள்? விடை காலடி மண்ணில் இருக்கிறது. செர்ரியின் பெரும்பகுதி மணற்குன்றுகள். சுமார் 50,000 சதுர கிலோமீட்டர் பரந்துள்ள இம்மணல்வெளியில் சில குன்றுகள் 400 அடி வரை உயர்கின்றன. ஆனால் இது பாலைவனம் இல்லை. குன்றுகளின் மேல் புல் போர்த்தியிருக்கிறது; அதன் வேர்கள்தான் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆண்டுக்குச் சுமார் 20 அங்குலம் பெய்யும் மழை, ஓடி வீணாகாமல் மணல் வழியே இறங்கி, ஓகலாலா எனப்படும் பெரும் நிலத்தடி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அந்நீரே பள்ளத்தாக்குகளில் ஏரிகளாகவும் ஊற்றுகளாகவும் வெளிப்படுகிறது. ஏர் பூட்டிப் புல்லைக் கிளறினால் போதும், காற்று அந்த இடத்தைக் குடைந்து பள்ளமாக்கிவிடும்.

லகோட்டா மக்கள் எருமை வேட்டையாடிய நிலம் இது. அவர்களுள் பலர் இன்றும் செர்ரிக்கு வடக்கே, தெற்கு டகோட்டா மாநிலத்தின் ரோஸ்பட், பைன் ரிட்ஜ் ஒதுக்கீட்டுப் பகுதிகளில் வாழ்கின்றனர். அவர்களிடமிருந்து பெற்ற நிலத்தை அரசு குடியேறிகளுக்கு வழங்கியது. 1862-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மழை வளமுள்ள கிழக்குப் பகுதிக்கு அது சரி; மணற்குன்றில் என்ன செய்வது? எனவே 1904-இல் மோசஸ் கின்கெய்டு என்ற காங்கிரஸ் உறுப்பினர் கொண்டுவந்த சட்டம், மேற்கு நெப்ராஸ்காவில் 640 ஏக்கர் வரை பெற வழி செய்தது. ஐந்து ஆண்டுகள் அங்கே குடியிருந்து நிலத்தைச் சீர்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

மக்கள் திரண்டு வந்தனர். 1900-இல் 6,541 ஆக இருந்த மக்கள்தொகை 1920-இல் 11,753 ஆயிற்று. வந்தவர்களில் கறுப்பின மக்களும் உண்டு. 1907-இல் நார்த் லூப் ஆற்றங்கரையில் அவர்கள் அமைத்த டிவிட்டி என்ற குடியிருப்பு, பின்னாளில் 'துணிச்சல்' என்று பொருள்படும் 'ஆடேஷஸ்' என்ற பெயரைப் பெற்றது.

பெயருக்கேற்ற மக்கள்தான், மண்தான் இடம் கொடுக்கவில்லை. உழுதால் மணல் பறக்கும். மாடு வளர்க்கலாம் என்றால், ஒரு பசுவுக்கு ஆண்டு முழுவதும் தீனி கிடைக்க 15 ஏக்கர் என்று வைத்தாலும், 640 ஏக்கரில் நாற்பது பசுக்களுக்கு மேல் நிற்க முடியாது. அதைக் கொண்டு ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கும்? ஒவ்வொருவராக அண்டையிலிருந்த பெரிய பண்ணையாருக்கு விற்றுவிட்டுப் புறப்பட்டனர். 1930-களின் வறட்சி மற்றவர்களையும் அசைத்தது. டிவிட்டியும் அந்தப் பத்தாண்டில் மறைந்துபோனது. 2000-இல் மக்கள்தொகை 6,148.

நான் இதில் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கவுண்டி வறண்டு வீழ்ந்துவிடவில்லை. இறைச்சிக்கென வளர்க்கும் மாட்டினப் பசுக்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இங்கு உள்ளன; இவ்வகையில் நாட்டிலேயே முன்னணியில் நிற்கும் கவுண்டி இது. மனிதர் குறைந்ததால் புல் பிழைத்தது. புல் பிழைத்ததால் மணல் நின்றது. பட்டியலில் எண் இறங்கினால் உடனே 'ஊர் அழிகிறது' என்று சொல்லிவிடுகிறோம். மண் எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்டபின் அதைச் சொல்வது நல்லது. விற்றுவிட்டுப் போனவர்களை உழைக்கத் தெரியாதவர்கள் என்றும் எவரும் சொல்லக் கூடாது.

ஆனால் இருப்பவர்களின் கவலை உண்மையானது. மாடுகள் எத்தனை லட்சம் இருந்தாலும் அவை பள்ளிக்கு வரா. கடையில் சாமான் வாங்கா. சுமார் 150 பேர் வாழும் கோடி என்ற சிற்றூரில் மளிகைக் கடை மூடிப் பல ஆண்டுகளாயின. ரொட்டியும் பாலும் வாங்க வெகுதூரம் வண்டி ஓட்டவேண்டிய நிலை. அவ்வூர்ப் பள்ளி மாணவர்களே முன்வந்தார்கள். வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பிய கட்டடத்தில், 2013-இல் அவர்கள் நடத்தும் கடை திறக்கப்பட்டது. கணக்கு எழுதுவதும் சரக்கு வாங்குவதும் அங்கே பாடத்தின் பகுதியாயின.

பெருநகரத்தில் வாழும் நமக்கு ஒரு குடும்பம் வந்தாலும் போனாலும் தெரிவதில்லை. செர்ரியில் ஒரு குடும்பம் போனால் வகுப்பறையில் இரண்டு மேசைகள் காலியாகும். கடையின் வாடிக்கை ஒன்று குறையும். மக்கள்தொகை என்பது அங்கே பட்டியலில் உள்ள எண்ணாக மட்டும் இருப்பதில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எண்ணிவிடலாம்.