அதிரசப் பதத்தில் சாக்லேட் ஃபட்ஜ்

எங்கள் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஜி.என்.டி. சாலையில் வடக்கே போனால் ஆரம்பாக்கம். அதோடு தமிழ்நாடு முடிந்துவிடும். எல்லை தாண்டினால் தடா, பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி. 2016-இல் அங்கே திறந்த மாண்டலீஸ் ஆலையில் கேட்பரி சாக்லேட் தயாராகிறது. அங்கே சூட்டை அளக்க எத்தனையோ கருவிகள் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு இருப்பது ஒரு எவர்சில்வர் கிண்ணமும் அரைக் கிண்ணம் பச்சைத் தண்ணீரும்தான்.

என் மாமியாரின் சமையல் நோட்டில் சாக்லேட் ஃபட்ஜுக்கு ஒரு பக்கம் உண்டு. சர்க்கரை 2 கப், பால் 1 கப், கோகோ பவுடர் அரை கப்புக்குச் சற்றுக் குறைய, வெண்ணெய் 3 ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி என்று ஒன்றும் கிடையாது. கடைசி வரியில் இரண்டே சொல்: ‘அதிரசப் பதம்.’

தீபாவளிக்கு அதிரசம் சுட்ட கைக்கு அது போதும். கொதிக்கும் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்க வேண்டும். விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை, கல்லாக இறுகினால் முற்றிவிட்டது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் இந்த உருட்டுப் பதம் சுமார் 112 முதல் 115 டிகிரி செல்சியஸ்.

ஃபட்ஜின் பழைய கதையும் இப்படி ஒரு கைக்குறிப்புதான். அமெரிக்காவில் 1888-இல் வாசர் பெண்கள் கல்லூரி மாணவி எமிலின் ஹார்ட்ரிட்ஜ், கல்லூரி ஏலத்துக்காக 30 பவுண்டு ஃபட்ஜ் கிளறினார். தோழியின் உறவினர் வழியாக வந்த குறிப்பு அது. இந்த இனிப்பு பரவியதே ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறித்தான்.

பதம் பார்த்து இறக்கியதோடு வேலை முடியவில்லை. வெண்ணெயை மேலே போட்டுவிட்டுப் பாத்திரத்தைத் தொடாமல் விட வேண்டும். அடியைத் தொட்டால் இளஞ்சூடாக, ஏறக்குறைய 43 டிகிரிக்கு இறங்கிய பிறகே கரண்டி போடலாம். சூட்டில் கிளறினால் சர்க்கரை பெரிய பெரிய மணிகளாகப் பூத்துவிடும். ஆறியபின் விடாமல் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத பொடி மணிகளாகப் பிரிந்து, நாக்கில் வழுவழுவென்று கரையும். பளபளப்பு மங்கும் அந்த நிமிடத்தில் நெய் தடவிய தட்டில் கொட்டிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கரண்டியோடு இறுகிப்போகும்.

போன ஐப்பசியில் எனக்குப் பொறுமை இல்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்காரர் வருவதற்குள் முடித்துவிட நினைத்துச் சூட்டிலேயே கிளறினேன். துண்டு போட்டால் மணல் மணலாக உதிர்ந்தது. தூக்கிப் போட மனமில்லாமல் அடுத்த வீட்டு அம்மாவிடம் ஒரு கிண்ணம் கொடுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கிருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் பல வருஷம் இருந்தவர். ஒரு துண்டை வாயில் போட்டதும் முகம் மலர்ந்தது.

“பிள்ளை, இது எங்கட பால் ரொபியெல்லோ!”

அதற்கு வேண்டியது ரின்பால், அதாவது கண்டென்ஸ்டு மில்க். அதோடு சீனியும் கஜுவும், அதாவது முந்திரியும், சேர்த்து அடுப்பிலேயே கைவிடாமல் கிண்டி, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்போது இறக்குவது பால் ரொபி. மணல் மணலாக உதிர்வதுதான் அதற்கு அழகாம். கோகோ இருப்பதை மட்டும் மன்னித்துவிட்டார்.

மாமியாரின் நோட்டில் அந்தப் பக்கத்துக்குக் கீழே இப்போது என் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கிறது. ‘மழைநாளில் காற்று ஈரம், பாகு ஒரு நூல் கூடுதலாக முறுகட்டும். மணலாகிவிட்டால் அடுத்த வீட்டு அம்மாவுக்கு.’