எல்லையில் அவர், இல்லத்தில் நாம்

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய மறக்குடித் தாயை அறியாத தமிழ் மாணவர் இலர். உற்றவனையும் கணவனையும் அடுத்தடுத்த போர்களில் பறிகொடுத்த பின்பும், தன் ஒரே மகனை அழைத்துத் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துக் களத்திற்கு அனுப்பி வைத்தாள் அவள். பாட்டு அத்துடன் முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அவ்வீட்டில் உலை ஏற்றியது யார், கொடுத்த கடனைக் கேட்டு வந்தவனுக்குப் பதில் சொன்னது யார் என்று புலவர் கூறவில்லை. அந்த மறுநாளைப் பற்றி எனக்குச் சில செய்திகள் தெரியும். நான் ஒரு படைவீரரின் மகள்.

வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உண்டு. எங்கள் சிற்றூர் அவ்வளவு பெயர்பெற்றதன்று. எனினும் எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீடுகளுக்கு ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்றே பெயர். அப்பா 1970-இல் காலாட்படையில் சேர்ந்து, 1992-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். ஆண்டில் இரண்டு மாதம் அப்பா; மீதிப் பத்து மாதமும் அப்பாவின் கடிதம். இப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சென்ற பருவத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு விண்ணப்பப் படிவத்தோடு என் அறைக்கு வந்தாள். திருமணமாகி எட்டு மாதம். கணவர் சிப்பாய். “அவருடைய படை எண் என்னம்மா?” என்றேன். விழித்தாள். “எந்த ரெஜிமெண்ட்?” என்றேன். “ஆர்மி, மேடம்” என்றாள். “அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், அவரே பார்த்துக்கொள்வார்” என்றும் சேர்த்துக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. 1974-இல் மணமாகி வந்த என் அம்மாவும் அவ்வளவுதான் அறிந்திருந்தார். அவரே பார்த்துக்கொள்வார் என்னும் அந்தச் சொல்லுக்கு எங்கள் குடும்பம் பின்னாளில் கொடுத்த விலை பெரிது.

முதலில் ஒரு குறிப்பேடு. நாற்பது பக்க நோட்டுப் போதும். அதன் முதல் பக்கத்தில் அவருடைய படை எண், பதவி, ஆவணத்தில் உள்ளபடி முழுப்பெயர், படைப்பிரிவு, சேர்ந்த தேதி ஆகியவற்றை எழுதுக. எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டால் எண் முழுமை பெறாது. அடுத்து, அப்படைப்பிரிவின் ஆவண அலுவலகம் எங்குள்ளது என்பதையும் எழுதுக. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது; மெட்ராஸ் சேப்பர்ஸ் என்னும் பொறியாளர் பிரிவுக்குப் பெங்களூரில்; சிக்னல்ஸ் பிரிவினருக்கு ஜபல்பூரில். கணவர் காஷ்மீரில் இருந்தாலும் அஸ்ஸாமில் இருந்தாலும் அவருடைய குடும்ப விவரங்கள் உறைவது இந்த அலுவலகத்தில்தான்.

படைவீரர் முகவரியில் ஊர்ப்பெயர் இராது. எண், பதவி, பெயர், பிரிவு, பிறகு 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ.; அவ்வளவே. 56 என்று எழுதியவை டெல்லியிலும், 99 என்று எழுதியவை கொல்கத்தாவிலும் பிரிக்கப்பட்டு இராணுவ அஞ்சல் வழியே செல்லும். அதற்குரிய அஞ்சல் குறியீட்டு எண் ஒன்பதில் தொடங்கும். அவ்வெண் எந்த மாநிலத்துக்கும் உரியதன்று. படை எங்கே நிற்கிறது என்பது உறையைப் பார்த்தவர்க்குத் தெரியக்கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். அந்த நோக்கத்தை இன்று வாட்ஸ்அப்பில் ஒரே படத்தால் நாம் கெடுத்துவிடுகிறோம். பனிமலையில் அவர் நிற்கும் படம் வந்தால் வீட்டோடு பார்த்து மகிழ்க. ஊருக்குக் காட்ட வேண்டா.

அம்மா தாம் எழுதும் ஒவ்வொரு இன்லண்டு கடிதத்தின் மூலையிலும் வரிசை எண் இடுவார். அப்பாவும் அவ்வாறே. முன்னே எழுதியது பின்னே வந்து சேர்வது வழக்கமாகையால், எண் இல்லையேல் ஒன்றும் விளங்காது. இந்தச் சிறு பழக்கத்தின் அருமையை நான் கண்டது 1987-இல். அவ்வாண்டு அப்பா அமைதிப்படையோடு இலங்கை சென்றார். அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டது. ‘அந்தப் பட்டாளமே போய்விட்டதாம்’ என்று தேநீர்க்கடையில் யாரோ சொன்னது மாலைக்குள் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அழுதுகொண்டே வந்தார்கள். அம்மா அழவில்லை, சமைக்கவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா எனக்கும் தம்பிக்கும் சோறு போட்டார். பதினோராம் நாள் ஒரு கடிதம் வந்தது. அம்மா அதைப் பிரித்தவுடன் படிக்கவில்லை. முதலில் எண்ணைப் பார்த்தார், பிறகு தேதியைப் பார்த்தார். கடையில் சொன்ன நாளுக்கு நான்கு நாள் பிந்திய தேதி. உள்ளே வழக்கமான ‘நலம், நலமறிய ஆவல்’தான். அன்றிரவு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

இன்று கடிதத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. ஆயினும் உயர்ந்த மலைக்காவல் நிலைகளில் அது பல நாள் ஊமையாகிவிடும். ‘இத்தனை நாள் பேச்சு வராவிட்டாலும் பதற வேண்டா’ என்று புறப்படுமுன்பே இருவரும் பேசிவைத்துக்கொள்வது நல்லது. எல்லையில் பதற்றம் நிலவும் நாட்களில் தொலைக்காட்சியை அணைத்து வைக்கவும் துணிவு வேண்டும். வீட்டுக்குரிய செய்தி படைப்பிரிவிலிருந்து வீட்டுக்கே வரும்.

நிற்க. நான் மிகுதியும் சொல்ல விரும்புவது ஆவணங்களைப் பற்றி. படைவீரருக்குத் திருமணமானாலும் குழந்தை பிறந்தாலும், அவர் அதைத் தம் பிரிவில் அறிவித்து, ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் ஆணையில் வெளியிடச் செய்ய வேண்டும். ஊரறியத் தாலி கட்டியிருக்கலாம்; அந்த ஆணையில் பெயர் ஏறாதவரை இராணுவத்தின் ஏட்டில் அவர் மணமாகாதவரே. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமாகிவிட்டது. ஆகவே பதிவுச் சான்றை வாங்கி, அவர் விடுமுறை முடிந்து திரும்பும்போது பெட்டியில் வைத்து அனுப்புக. ஆணை வெளியானதும் அதன் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கி நோட்டில் எழுதுக.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கோ தலைப்பெழுத்துத்தான் உண்டு. மணத்திற்கு முன் தந்தையின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. பள்ளிச் சான்றில் ஒன்று, ஆதாரில் மற்றொன்று, வங்கியில் வேறொன்று. இவை எல்லாவற்றையும் ஒருநாள் உட்கார்ந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்த தேதியையும் அவ்வாறே பாருங்கள். பிழை இருப்பின், அவர் பணியில் இருக்கும்போதே திருத்துவது எளிது.

எங்கள் வீட்டில் திருத்தவில்லை. அம்மாவின் பெயர் ‘அம்மாள்’ என்று முடியும். 1974-இல் எழுத்தர் கேட்டபோது அப்பா வீட்டில் அழைக்கும் வழக்கப்படி ‘அம்மா’ என்று சொல்லிவிட்டார். பிறந்த தேதியும் குத்துமதிப்புத்தான். முப்பத்தேழு ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை. 2011-இல் அப்பா காலமானார். குடும்ப ஓய்வூதியத்திற்கு விண்ணப்பித்தபோது, ஏட்டில் உள்ளவரும் குடும்ப அட்டையில் உள்ளவரும் ஒருவரே என்பதற்குச் சான்று கேட்டார்கள். கேட்டது முறைதான், பிழை எங்களுடையது. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், நோட்டரி என்று அலைந்தோம். பதினான்கு மாதம் ஆயிற்று. கணவர் இருபத்திரண்டு ஆண்டு எல்லையில் நின்றதற்குக் காகிதம் இருந்தது. தாம் அவருக்கு மனைவி என்பதற்குத்தான் அம்மா காகிதம் தேட வேண்டியிருந்தது. அந்நாளில் கம்மல் அடகுக்குப் போயிற்று. நிலுவைத் தொகை மொத்தமாக வந்த அன்று அம்மா முதலில் மீட்டது அதைத்தான்.

ஆதலால் ஓய்வுபெறும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதியக் கொடுப்பாணை இரண்டிலும் மனைவியின் பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியாக உள்ளதா என்று மனைவியே பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கு இருவர் பேரிலும், இருவரில் எஞ்சியவர் எடுக்கும் வகையிலும் இருப்பது நலம். இப்போது படைத்துறை ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்னும் கணினி முறைக்கு மாறிவிட்டது. ஆண்டுக்கொரு முறை உயிருடன் இருப்பதை உறுதிசெய்ய மறந்தால் பணம் நின்றுவிடும். அதில் பதியும் கைப்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். வெளியூரில் உள்ள பேரனுடையது வேண்டா. ‘ஆவண அலுவலகத்திலிருந்து பேசுகிறேன்’ என்று ஒருவன் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால், பேச்சைத் துண்டிக்கவும்.

இதனோடு சேர்ந்த ஒன்று நாமினி. 1976 முதல் நடைபெறும் இராணுவக் குழுக் காப்பீட்டு நிதி, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றில், பிள்ளை படையில் சேர்ந்த அன்று பெரும்பாலும் தாயின் பெயரே எழுதப்படும். மணமான பின் அதை மாற்ற மறந்துவிடுவார்கள். அல்லது மாற்றக் கூசுவார்கள். மாமியாரும் மருமகளும் இதுபற்றி வாய்திறந்து பேசுவதை நான் கண்டதே இல்லை. பேச வேண்டும் என்பேன். வயது முதிர்ந்த தாய்க்கு ஒரு பங்கும் மனைவிக்கு ஒரு பங்குமாகப் பிரித்து எழுதவும் வழியுண்டு. இதைப் பேசினாலே அமங்கலம் என்று எண்ணுவோர், ரயிலில் ஏறும் எல்லோரும் சீட்டு வாங்குவதை நினைத்துக்கொள்ளட்டும்.

விடுமுறைக்கு வருவோம். ஆண்டு விடுமுறை அறுபது நாள், தற்செயல் விடுமுறை முப்பது நாள் என்பது கணக்கு. கேட்டபோது கிடைக்கும் என்பதற்கில்லை. கிடைத்த நாட்களில் கூரை மாற்றுவது, வரப்புத் தகராறு, தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்று பத்து மாத வேலையையும் அவர் தலையில் கட்டிவிடுகிறோம். அப்பா காட்பாடியில் இறங்கிய அன்றே அம்மா புகார்ப் பட்டியலை வாசிக்கமாட்டார். ஒரு வாரம் கழியட்டும் என்பார். அப்பாவோ நான்கு மணிக்கே எழுந்து அடுக்களைப் பாத்திரங்களை அணிவகுத்து நிறுத்துவார்! அம்மா ஒன்றும் சொல்லாமல், அவர் ரயிலேறிய மறுநாள் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைப்பார். தம்பி முதல் மூன்று நாள் கதவுக்குப் பின்னாலேயே நிற்பான். அவனை இழுத்து அவர் மடியில் உட்கார வைக்க அம்மா ஒருநாளும் முயன்றதில்லை. நான்காம் நாள் அவனாகவே போவான்.

வரப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வீட்டில் ஆண் இல்லை என்று பங்காளிகள் நிலத்தில் கைவைப்பது உண்டு. 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. போர்க்காலப் பணி போன்ற சிறப்பு நிலையில் இருக்கும் வீரர் நேரில் வர இயலாதபோது, நீதிமன்றம் வழக்கை ஒத்திவைக்க அது வகைசெய்கிறது. அவர் தம் கமாண்டிங் அதிகாரி வழியாக மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதச் செய்வதும் நல்ல பலன் தரும். நீங்கள் போகவேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பெயரில் ‘முன்னாள்’ என்றிருந்தாலும், பணியில் உள்ளோரின் குடும்பத்தாரும் அங்கே செல்லலாம். பலர் இதை அறியார்.

மருத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓய்வுபெற்றோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் 2003 ஏப்ரல் முதல் இ.சி.எச்.எஸ். என்னும் பங்களிப்பு மருத்துவத் திட்டம் உள்ளது. பாலிகிளினிக்கில் பரிந்துரை பெற்றே பிற மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து எனில் அருகிலுள்ள எந்த மருத்துவமனைக்கும் செல்லலாம். ஆனால் 48 மணி நேரத்திற்குள் பாலிகிளினிக்கிற்குத் தகவல் தந்துவிட வேண்டும். அந்தத் தொலைபேசி எண்ணும் நோட்டில் இருக்கட்டும்.

நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு சொல். அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையில் முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பிரிவில் இடம் உண்டு. அதற்குரிய சான்றை மேற்சொன்ன நல அலுவலகமே வழங்குகிறது. உதவித்தொகை விவரங்களும் அங்கே கிடைக்கும். ஆண்டுதோறும் இந்தச் சான்று இல்லாமல் வந்து நின்று, கடைசி நாளில் தந்தையைத் தொலைபேசியில் தேடும் பிள்ளைகளைக் காண்கிறேன். உங்கள் தம்பி தங்கையர் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தால் இப்போதே வாங்கி வையுங்கள்.

அந்த மாணவி மறுவாரமே ஒரு புது நோட்டோடு வந்தாள். கணவரிடம் கேட்டுப் படை எண்ணை எழுதியிருந்தாள்; கடைசி எழுத்தை மட்டும் விட்டிருந்தாள். திருமணம் இன்னும் ஆணையில் ஏறவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சான்றின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.

நம் கல்லூரியில் படைவீரர் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் பலர் இருப்பார்கள். புதன்கிழமை மாலை மூன்றரை மணிக்குமேல் வரலாற்றுத் துறையில் இருப்பேன். விண்ணப்பங்களை எழுத உதவுகிறேன். வரும்போது அம்மாவின் ஆதார் அட்டையையும், அப்பாவின் ஆவணத்தில் அம்மாவின் பெயர் உள்ள பக்கத்தையும் எடுத்து வாருங்கள். நான் முதலில் பார்ப்பது அவ்விரண்டைத்தான்.