விக்குமா, நிலைக்குமா?

பல்கலைக்கழகப் பதிப்பகம்னாலே ஆய்வு நூல்தான் நினைவுக்கு வரும். ஆனா அமெரிக்க எழுத்தாளர் ஜான் கென்னடி டூலைக் காப்பாத்தினது அப்படி ஒரு பதிப்பகம்தான். ‘எ கான்ஃபெடரசி ஆஃப் டன்சஸ்’ என்ற அவருடைய நாவலை எந்த வணிகப் பதிப்பகமும் எடுத்துக்கொள்ளவில்லை. 1969-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அம்மா தெல்மா விடலை. மங்கலான கார்பன் பிரதியோடு எழுத்தாளர் வாக்கர் பெர்சியிடம் போய் நின்றார். பெர்சி கைகொடுக்க, 1980-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது. முதல் அச்சு 2,500 பிரதிதான். அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு!

‘எவ்வளவு விக்கும்?’ என்பதுதான் வணிகப் பதிப்பகத்தின் முதல் கேள்வி. பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு லாபம் முதல் நோக்கம் இல்லை, ‘இது நிலைக்குமா?’ன்னு அதால கேட்க முடியும். அதனால, அவங்க புது வெளியீட்டுப் பட்டியல் வந்தா இலக்கியப் பகுதியையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்க.